வாய்தா அண்ணாச்சியின் முதுகு

தென்காசியில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், குற்றாலச் சாரலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்டவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாலும், சொந்த முதுகின் மேலேயே வழக்குத் தொடர்ந்த மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் வாய்தா அண்ணாச்சி. இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே இருந்து வேலை பார்த்த எனக்கே அது தெரியாது. வாய்தா என்றால் கோர்ட்டில் விசாரணையை இன்னொரு தேதிக்குத் தள்ளிப் போடுவது. எங்கள் அண்ணாச்சியோ வைத்தியர்களுக்கே வாய்தா கொடுத்தவர். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் நடந்த சங்கதி இது. ஒரு வக்கீல் ஆபீசில் இரண்டு குமாஸ்தாக்கள். பெரிய குமாஸ்தா அவர், சின்னக் குமாஸ்தா நான். வக்கீல் ஐயா பெரிய படிப்பாளிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்சிக்காரன் அழுது, மூக்கைச் சிந்தி, நாலு தலைமுறைக் கதையைச் சொல்லி முடித்ததும் அதிலிருந்து ஒன்றரைப் பக்கத்துக்குப் பிராது எழுதுகிற கை அண்ணாச்சியின் கைதான். அவர் எழுதிய பிராதைக் கேட்டுவிட்டு எதிர்க்கட்சிக்காரனே, "அடப்பாவி, நான் இம்புட்டு மோசமானவனா?" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

குமாஸ்தா என்றால் அந்தக் காலத்தில் நாற்காலி கிடையாது. தரையில் பாய், பாயில் சம்மணம், முன்னால் ஒரு முழ உயரத்தில் சாய்வு மேசை. அண்ணாச்சி பதினெட்டு வருஷம் அப்படிக் குனிந்து எழுதினார். பத்தொன்பதாவது வருஷம் குறுக்கு பிடித்துக்கொண்டது. குறுக்கு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது முதுகின் அடிப்பாகத்தை. இரண்டு வருஷமாக அந்த வலியோடுதான் எழுதினார். உட்காரும்போது ஒரு "ம்ம்", எழுந்திருக்கும்போது ஒரு "யப்பா", இடையில் ஒரு சத்தம் கிடையாது. நெற்றியில் வேர்வை மட்டும் பொடித்து நிற்கும்.

ஒரு சித்திரை மாதம் வலி எல்லை மீறியது. அன்றைக்கு அச்சன்புதூர் மாடசாமியின் பிராதை எழுதியாக வேண்டும். மாடசாமிக்கு நெல்வயல் இருந்தது. மேல்வயல்காரன் வாய்க்காலை அடைத்துவிட்டான். மறுநாளோடு கோர்ட்டு கோடை விடுமுறைக்கு அடைக்கிறது. அண்ணாச்சி நாலு வரி எழுதினார், பேனாவை வைத்தார், அப்படியே பாயில் குப்புறப் படுத்துவிட்டார்.

"ஏலே, நீ எழுது. நான் படுத்துக்கிட்டே சொல்லுதேன்" என்றார் என்னிடம்.

நான் பேனாவை எடுக்கும் சமயம் பார்த்து மாடசாமி உள்ளே நுழைந்தார். பார்த்தால், பெரிய குமாஸ்தா இவர் காலுக்கு நேராகக் கையை நீட்டித் தரையோடு தரையாகக் கிடக்கிறார். மாடசாமி வெலவெலத்துப் போனார்.

"ஐயையோ அண்ணாச்சி! நீங்க போயி என் கால்லயா? என்ன காரியம் பண்ணுதிய!" என்று கத்திக்கொண்டு அவரும் தடாலென்று எதிரே விழுந்துவிட்டார்.

"ஏ, எந்திரியும்வே!" என்கிறார் அண்ணாச்சி, தலையைத் தூக்க முடியாமல்.

"நீங்க எந்திச்சாத்தான் நான் எந்திப்பேன்!" என்கிறார் மாடசாமி.

நடுவில் நான், பேனாவும் கையுமாக. அந்த நேரம் வக்கீல் ஐயா புதிதாகப் பிடித்த ஒரு பெரிய கட்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசற்படியில் நின்று இந்தக் காட்சியைப் பார்த்தார் அந்தப் பெரிய மனிதர். அப்படியே வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அண்ணாச்சி படுத்துக்கொண்டே சொல்ல, நான் எழுதி, பிராது ஒருவழியாக முடிந்தது. சாயங்காலம் வக்கீல் ஐயா அவரைக் கூப்பிட்டார். "ஓய், நீரு மூத்தவரு, நான் ஒண்ணும் சொல்லப்பிடாது. ஆனா ஆபீசு ஆபீசா இருக்கணும். லீவு ஒரு மாசம் இருக்கு. கோர்ட்டு தொறக்கிற அன்னைக்கு நீரு வந்து உம்ம பாயில ஒழுங்கா உக்காந்து எழுதணும். முடியாதுன்னா சொல்லிரும், நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

வெளியே வந்ததும் அண்ணாச்சி, "எழுதாமப் போனா நான் என்னத்துக்குலே?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதருக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்தாலும் செய்திருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனால், ஒரு நீளநோட்டை வைத்துக்கொண்டு குப்புறக் கிடக்கிறார். முதல் பக்கத்தில் முத்து முத்தான எழுத்தில், "வாதி: நான். பிரதிவாதி: என் முதுகு. பிரதிவாதியானவர் இருபது வருஷமாக வாதியின் உப்பைத் தின்றுவிட்டு, யாதொரு முன்னறிவிப்புமின்றி வேலை செய்ய மறுப்பதால்" என்று ஆரம்பித்து ஒரு முழுப் பிராது. கடைசியில், ஒரு மாதக் கெடுவுக்குள் வாதியை உட்கார வைக்க வேண்டுமென்று பிரார்த்தனை.

"எந்த வைத்தியத்துலயும் கண்ண மூடிக்கிட்டு விழப்பிடாதுலே. ஒவ்வொண்ணையும் கூண்டுல ஏத்திக் கேக்கணும்" என்றார்.

முதலில் கூண்டில் ஏறியவர் இங்கிலீஷ் டாக்டர். நல்ல மனிதர். முதுகில் பெல்லடோனா என்கிற மருந்துப் பிளாஸ்திரி ஒட்டி, மூன்று நாள் கழித்து உரித்தார். உரித்த உரிப்பில் ரோமமெல்லாம் கூடவே வந்துவிட்டது. அன்று முழுவதும் குறுக்கு வலி தெரியவே இல்லை, தோல் எரிச்சல் அப்படி. டாக்டர் யோசித்துவிட்டு, மதுரைக்குப் போய் எக்ஸ்ரே பிடிக்க வேண்டும், தேவைப்பட்டால் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு மூன்று மாசம் அசையாமல் படுக்க வைப்பார்கள் என்றார்.

"மூணு மாசம் கழிச்சு சம்மணம் போட்டு உக்காருவேனா?"

"அநேகமா உக்காரலாம்."

"அநேகமான்னு ஒரு சாட்சி சொன்னா கோர்ட்டுல எடுபடாது டாக்டர். எத்தன பேரு கட்டோட படுத்தாங்க, எத்தன பேரு உக்காந்தாங்க, எத்தன பேரு முன்னவிட மோசமானாங்க, அத மதுரைக்கு எழுதிக் கேளுங்க. அதுவரைக்கும் உங்களுக்கு மூணு வாரம் வாய்தா."

டாக்டர் முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை. ஆனாலும் கடுதாசி எழுதினார். அதுதான் அண்ணாச்சி. அவர் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கேள்வியில் அவ்வளவு நியாயம் இருக்கும்.

இரண்டாவது, செங்கோட்டைக்கு அப்பால் மலையாளத்துப் பக்கமிருந்து வந்த ஆசான். வர்மம், உழிச்சல் எல்லாம் தெரிந்தவர். உத்தரத்தில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, எண்ணெய் பூசிய முதுகில் காலால் அழுத்தித் தேய்த்து உழிவார். அண்ணாச்சி மரப்பலகையில் குப்புறக் கிடந்தபடியே விசாரணையை ஆரம்பித்தார்.

"ஆசானே, இதுவரைக்கும்... யப்பா... எத்தன பேருக்குக் குணமாச்சு?"

"எத்தரையோ பேர். நாப்பத்தொண்ணு திவசம் கிடக்கணும். பத்தியம் உண்டு. பின்னே ஓடாம்."

"ஓட வேண்டாம். உக்காந்தாப் போதும். பேரு... ம்ம்... ஊரு சொல்லும். நான் போயி விசாரிக்கேன்."

முதுகில் மிதித்துக்கொண்டிருக்கும்போது சாட்சிப் பட்டியல் கேட்ட ஆசாமி என்று ஆசானும் கொஞ்சம் அசந்துதான் போனார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருப்பவர் ஒருவரின் பெயரைச் சொன்னார்.

அண்ணாச்சி பஸ் ஏறினார், என்னையும் இழுத்துக்கொண்டு. பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். மண்டிக்காரர் எங்களை ஆரவாரமாக வரவேற்றார்.

"ஆசானா? தெய்வம்லா அவரு! மூணு வருசம் கெடையா கெடந்தேன் அண்ணாச்சி. அவரு கால் பட்டுது, அன்னையோட போச்சு. இப்பப் பாருங்க, இந்தக் கூடைய ஒத்தைக் கையால தூக்குதேன்!"

குனிந்தார். கூடையைப் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார்.

"என்ன அண்ணாச்சி?" என்றேன் நான் மண்டிக்காரரிடம்.

"ஒண்ணுமில்ல தம்பி. பிடிச்சிட்டு. பைய ஆள விட்டு வீட்டுல சொல்லச் சொல்லுங்க."

எலுமிச்சை உருண்டோட, அண்ணாச்சிதான் அவருக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் நின்று, வலி அடங்கும்வரை வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சாட்சியம் இப்படிப் போயிற்றே என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் நோட்டில், "சாட்சி நல்லவர். சாட்சியம் நிற்கவில்லை. ஆசானுக்கு நாற்பத்தொரு நாள் வேண்டும், நம்மிடம் இருபது நாள்தான். வாய்தா" என்று எழுதினார்.

மூன்றாவது வைத்தியம் வீட்டிலிருந்தே வந்தது. "தலை முன்னால வராம, கால் முன்னால வந்து பொறந்தவுக உதைச்சா குறுக்குப் பிடிப்பு விட்டுப்போகுமாம். எங்க ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான் போகும்" என்றாள் மைனி, அதாவது அண்ணாச்சியின் சம்சாரம். உண்மைதான், எங்கள் சீமையில் இன்றைக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் தென்காசியில் கால் முன்னால் பிறந்தவர் யார்? நாலு நாள் அலைந்து விசாரித்தேன். கடைசியில் வக்கீல் ஐயா வீட்டுச் சமையற்காரர் காதோடு காதாகச் சொன்னார். அந்தப் பாக்கியசாலி எங்கள் வக்கீல் ஐயாவேதான்.

அண்ணாச்சி உடனே ஒரு மனு எழுதினார். "வக்கீல் ஐயா சமூகத்துக்கு மனுதாரர் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஐயா அவர்கள் பெரிய மனது பண்ணி, மனுதாரரைக் குறுக்கில் மூன்று முறை உதைத்து ரட்சிக்க வேண்டியது."

வக்கீல் ஐயா அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "ஓய், உமக்கு மூளை கீளை கலங்கிட்டா? மூத்தவர நான் எப்படி வே உதைக்க?"

"ஐயா, மாசக் கடைசியில என்னை வெளிய தள்ளுதேன்னு சொன்னியள்லா? அதுல கொஞ்சத்த இப்பவே கேக்கேன். அவ்வளவுதான்."

வாதத்தில் இருந்த நியாயம் வக்கீல் ஐயாவுக்குப் பிடிபட்டுவிட்டது. சட்டம் படித்தவர் ஆயிற்றே. வேட்டியை மடித்துக் கட்டினார், கண்ணை மூடிக்கொண்டார், "முருகா" என்று ஒரு எத்து எத்தினார். கண்ணை மூடியதால் குறி தவறி இடுப்பெலும்பில் பட்டது. வீல் என்று ஒரு சத்தம். கத்தியது அண்ணாச்சி அல்ல, வக்கீல் ஐயா. பெருவிரல் பிசகி, பாக்கி இரண்டு உதையும் அந்தரத்தில் நின்றது. ஐயாவின் காலுக்கு அதே ஆசான்தான் வந்து எண்ணெய் போட்டார்.

மதுரையிலிருந்து டாக்டருக்குப் பதில் கடுதாசி வரவே இல்லை. கடைசியாக மிஞ்சியது குற்றாலம். பேரருவித் தண்ணீர் முதுகில் விழுந்தால் எந்தப் பிடிப்பும் விடும் என்று ஊரே சொன்னது. ஆனால் அந்த வருஷம் சாரல் இறங்கவில்லை. அருவியில் பாறைதான் தெரிந்தது. காலையும் மாலையும் அண்ணாச்சி மேற்கு மலையைப் பார்த்தபடி நிற்பார். "அருவி ஆஜராகலையேலே" என்பார். கோர்ட்டு திறக்க இரண்டு நாள் இருக்கும்போது மலைமேல் மேகம் கவிந்தது. மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். மூன்று மைலுக்கு வண்டி பேசினேன். வண்டியில் நான் உட்கார்ந்தேன், அவர் பின்னாலேயே நடந்து வந்தார். "வண்டி குலுக்கம் ஆகாதுலே" என்றார். மறுநாள் கோர்ட்டு திறக்கிறது.

பேரருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. அண்ணாச்சி சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கால்மணி, அரைமணி ஆயிற்று. திடீரென்று அருவிக்குள்ளிருந்து ஒரு கத்தல்.

"ஏலே! மாடசாமி வாய்க்காலுக்கு நாளைக்கே தடை கேட்டு மனுப் போடணும்லா! மனசுல வச்சுக்கோ! ஒண்ணாவது..!"

அருவி இரைச்சலுக்கு மேலே குரலெடுத்து, பாராப் பாராவாக மனுவைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். குளித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் விலகி நின்று கேட்டார்கள். மேல்வயல்காரன் வாய்க்காலை அடைத்த இடம் வந்தபோது, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "நாசமாப் போவான்!" என்றார். மனு முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உதடு நீலம் பாரித்து வெளியே வந்தார்.

"வலி எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"எந்த வலி?"

சொல்லிவிட்டு, காலைத் துவட்ட ஒரு பாறையில் உட்கார்ந்தார். "யம்மா!" என்று எழுந்துவிட்டார். எழுந்ததும் முகம் தெளிந்தது. மறுபடி உட்கார்ந்தார். "யம்மா!" மறுபடி எழுந்தார். சுற்றி நின்றவர்கள் ஏதோ தேகாப்பியாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"ஏலே, நின்னா வலிக்கலைலே! புளியங்குடிக்கு நின்னுக்கிட்டே போனேன், வலிச்சுதா? இங்கன நடந்து வந்தேன், வலிச்சுதா? இத்தன நாளா முதுகைத் திருத்தப் பாத்தேனே, கேஸத் தப்பா போட்டுட்டேன்லே. குத்தவாளி முதுகு இல்ல, அந்தப் பாயி!"

ஈர வேட்டியோடு என் தோளைப் பிடித்துக் குலுக்கிச் சிரித்தார். ஒரு மாசத்தில் அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோர்ட்டு திறந்த அன்று எங்கள் ஆபீசில் ஒரு பெஞ்சு, அதன்மேல் பழைய கேஸ்கட்டுகள் வைக்கும் மரப்பெட்டி, அதன்மேல் சாய்வு மேசை. முன்னால் அண்ணாச்சி நின்றுகொண்டு எழுதுகிறார். நொண்டிக்கொண்டே வந்த வக்கீல் ஐயா திகைத்துப் போனார்.

"இதென்ன வே, கோயில் வாசல்ல துவாரபாலகரு மாதிரி?"

"எழுத்து நடக்குல்லா ஐயா. அது நின்னா என்ன, உக்காந்தா என்ன?"

"வார கட்சிக்காரன் சிரிப்பான் வே. எட்டு நாள் பாப்பேன். ஒருத்தன் மூஞ்சியச் சுளிச்சாலும் நீரு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

யாரும் சுளிக்கவில்லை. மூத்தவர் நிற்கும்போது எங்கள் பக்கத்து ஆள் உட்கார மாட்டான். கட்சிக்காரர்களும் நின்றார்கள். நின்றுகொண்டு நாலு தலைமுறைக் கதை சொல்ல முடியுமா? கால் கடுக்கும் அல்லவா? ஒரு தலைமுறையோடு நிறுத்திக்கொண்டார்கள். மத்தியானம் முடிகிற வேலை பதினொரு மணிக்கே முடிந்தது.

ஆறாவது நாள் ஆய்க்குடியிலிருந்து ஒருவர் வந்தார். வருஷம் தவறாமல் முருகனுக்குக் காவடி எடுப்பவர். அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி, நேர்ச்சையா?" என்றார் மெதுவாக, சாமிக்கு வேண்டுதலா என்கிற அர்த்தத்தில்.

"நேர்ச்சையுமில்ல ஒண்ணுமில்ல. குறுக்கு வலி."

ஆய்க்குடிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். வெளியே வந்ததும், "நேர்ச்சைய வெளிய சொல்லப்பிடாதுல்லா, அதான் மறைக்காவ. கட்சிக்காரன் கேஸு செயிக்கிற வரைக்கும் உக்கார மாட்டேன்னு நேந்திருக்காவ. எப்பேர்ப்பட்ட மனுசன்!" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மறைப்பதற்கு நானும் உடந்தை என்று முடிவு கட்டிவிட்டார். அவர் கேஸ் அடுத்த மாதமே ஜெயித்துத் தொலைத்தது. பிறகு கேட்க வேண்டுமா?

சுற்று வட்டாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். "நமக்காவ நிக்க குமாஸ்தா எங்க இருக்காவ?" என்று விலாசம் கேட்டு வந்தார்கள். அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. பொய் என்றால் அவருக்கு ஆகாது, வக்கீல் ஆபீசில் இருந்தும்கூட. வந்தவர் ஒவ்வொருவரிடமும், "குறுக்கு வலி வே, குறுக்கு வலி" என்று தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் ஒரு பலகையில், "நான் நிற்பது முதுகு வலியால். நேர்ச்சையால் அல்ல" என்று பெரிதாக எழுதி மாட்டினார். மறுநாள் பார்த்தால் பலகைக்கு யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

வக்கீல் ஐயா இப்போது வேறு பாட்டுப் பாட ஆரம்பித்தார். "ஓய், சொல்லிட்டேன். எவன் எதிர்லயும் நீரு உக்காந்திரப்பிடாது. உக்காந்த அன்னைக்கு நேர்ச்சை முறிஞ்சு போச்சுன்னு ஒருத்தன் வர மாட்டான். அத்தோட உம்ம சோலியும் முடிஞ்சுது."

பத்து மாசம் முந்தி உட்காராவிட்டால் வேலை போகும் என்றவர், இப்போது உட்கார்ந்தால் வேலை போகும் என்கிறார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டு, "உக்காரச் சொன்னாலும் முடியாது ஐயா" என்றார்.

அந்த வாரம்தான் மாடசாமியின் வாய்க்கால் கேஸ் தள்ளுபடியாயிற்று.

அண்ணாச்சி அன்று சாப்பிடவில்லை. எழுதிய காகிதத்தையெல்லாம் திரும்பத் திரும்பப் புரட்டி, எங்கே கோட்டை விட்டோம் என்று தேடிக்கொண்டிருந்தார். வக்கீல் ஐயாவுக்கோ வேறு கவலை. மாடசாமி வந்து நாலு பேர் நடுவில் சத்தம் போட்டால் நேர்ச்சையின் மவுசு என்ன ஆகும்?

மூன்றாம் நாள் காலையில் மாடசாமி வந்தார். ஆபீஸ் நிறையக் கட்சிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மாடசாமி கையில் வெள்ளைத் துணியில் தைத்த ஒரு திண்டு.

"அண்ணாச்சி, தோத்துட்டோம்" என்றார்.

"மேல அப்பீல் போடலாம் வே. நான் எழுதுதேன். விட மாட்டேன்."

"போடுவோம். அதுக்கு முந்தி நீங்க உக்காரணும்." திண்டைத் தரையில் வைத்தார். "இலவம் பஞ்சு. நம்ம வரப்புல நிக்க மரம். என் பொண்டாட்டி தச்சா. மூணு நாளா அழுதா அண்ணாச்சி, வயலுக்காவ இல்ல. அந்த மனுசன் நமக்காவ ஒம்பது மாசம் நின்னாரே, கால் என்ன பாடு பட்டிருக்கும்னு அழுதா. எனக்காவ நின்னதெல்லாம் போதும். உக்காருங்க."

உள் வாசலில் நின்ற வக்கீல் ஐயா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அண்ணாச்சி வாயைத் திறந்தார். "குறுக்கு வலி வே" என்று நூறு பேரிடம் சொன்ன அதே வார்த்தைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. தண்ணீரும் போய், வழக்கும் போய் நிற்கிற மனிதரிடம், உனக்காக யாரும் நிற்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பொய்ச் சாட்சி சொல்லாத அந்த மனிதர் மாடசாமியைப் பார்த்தார், திண்டைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நெற்றி நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். வேர்வை காதோரம் வழிந்தது. "யம்மா" என்று ஒரு முனகல் இல்லை.

"நல்லா மெத்துன்னு இருக்கு வே" என்றார். "நீரும் இரியும்."

மாடசாமியும் எதிரே உட்கார்ந்தார். அரைமணி நேரம் பேசினார்கள். மாடு கன்று போட்டதா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, இந்தப் போகத்துக்கு மழைத் தண்ணீரிலேயே என்ன விதைக்கலாம் என்று எல்லாம் விசாரித்தார். மாடசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, "இப்பத்தான் மனசு ஆறுது அண்ணாச்சி" என்றார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அண்ணாச்சி சிரித்த முகமாக அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார்.

"ஏலே, தூக்கு."

நான் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் யாரோ பிடித்தார்கள். பார்த்தால் வக்கீல் ஐயா. சோலி முடிந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஐயாவின் கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பெட்டிக்கு அடியில நாலு விரக்கடை உசரத்துக்குப் பலகை அடிக்கச் சொல்லுதேன் வே. எழுதும்போது லேசா குனியுதீரு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

அண்ணாச்சி பத்து நாள் படுக்கையில் கிடந்தார். பதினோராம் நாள் வந்து நின்று மாடசாமியின் அப்பீலை எழுதினார். தோற்றவனே திண்டு கொண்டுவந்து உட்கார வைத்தான் என்றுதான் ஊர் பேசியது. கட்சிக்காரர் ஒருவர்கூடக் குறையவில்லை.

இப்போது எனக்கும் குறுக்கு வலி. ஆப்பரேஷன் என்கிறார் ஒருவர், எண்ணெய் என்கிறார் இன்னொருவர், எல்லோருக்கும் வாய்தா கொடுத்துவிட்டு ஒரு நீளநோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று. இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணாச்சி எங்கிருந்தாவது "ஏலே, தூக்கு" என்று கூப்பிட்டால், என் குறுக்கு போனாலும் போகட்டும், ஓடிப்போய்த் தூக்குவேன்.